இறங்காமல் எழுந்த விமானம்



மழைக்காலம் வந்துவிட்டது. நம் ஊர் உப்பளங்களில் கடைசி உப்பை வாரி, அம்பாரம் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டார்கள். இனித் தை பிறக்கும்வரை பாத்திகளில் நிற்பது மழைநீர்தான். வானம் கறுக்கும்போதெல்லாம் நம் கைப்பேசிகளில் ஒரு காணொளி மறுபடியும் வலம்வரத் தொடங்குகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நண்பகல். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் சென்னை ஓடுபாதையை நோக்கி இறங்குகிறது. மழையில் பாதை பளபளக்கிறது. விமானம் ஒருபுறம் சாய்கிறது, நிமிர்கிறது, மீண்டும் தள்ளாடுகிறது. தரையைத் தொடும் தறுவாயில், தொட்டதோ தொடவில்லையோ என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, உறுமிக்கொண்டு வானத்தில் ஏறி மறைகிறது.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆலய வாசலில் ஒரு சகோதரி அந்தக் காணொளியை என்னிடம் காட்டினார். அவருடைய மகன் கிறிஸ்துமஸுக்கு விமானத்தில் வருகிறார். "பைலட் பயந்துட்டார் போல இருக்கு, ஐயா. நல்ல பைலட்டா இருந்தா எறக்கியிருப்பாரில்ல?" என்று கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். அதற்குள் என்னுடைய பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்தவனுக்கு விமானம் இறக்குவதைப்பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நம் சபையில் இருக்கிறார். மாலை வேளைகளில் அவரோடு கழுவெளிக் கரையில் நடக்கும்போது அவர் சொல்லக் கேட்டவை பாதி. அதன்பின் ஆவல் தாங்காமல் விபத்து விசாரணை அறிக்கைகளை நானே தேடி வாசித்தது மீதி.

கழுவெளியில் வந்து இறங்கும் பறவைகளைக் கவனித்திருக்கிறீர்களா? நாரையோ, ஆலாவோ, சிறு உள்ளானோ, எந்தப் பறவையும் எந்தத் திசையிலிருந்து பறந்து வந்தாலும், இறங்கும் கணத்தில் காற்றை நோக்கித் திரும்பிக்கொள்கிறது. எதிர்காற்று இறக்கைக்குத் தூக்கத்தைத் தருகிறது. அதனால் மிக மெதுவாக, கால் நோகாமல் நீரில் இறங்க முடிகிறது. பறவைக்கு இந்தச் சுதந்திரம் உண்டு, அதற்கு ஓடுபாதை இல்லை. விமானத்துக்கோ மனிதன் முன்னமே போட்டுவைத்த ஒரே ஒரு கோடு. சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு ஒருமுனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எண் எழுதியிருக்கும். வடக்கிலிருந்து 70 பாகை, 250 பாகை என்பது அதன் பொருள். ஓர் இடத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்று வீசும் திசையைப் பார்த்துத்தான் ஓடுபாதையை அமைக்கிறார்கள். ஆனால் புயல் எந்த அட்டவணைக்கும் கட்டுப்பட்டதல்ல. வாடைப் பக்கமிருந்தும் கொண்டல் பக்கமிருந்தும் மாறிமாறி அடிக்கும்போது, ஓடுபாதை ஒரு பக்கமும் காற்று இன்னொரு பக்கமுமாக ஆகிவிடுகிறது. அதுதான் குறுக்குக்காற்று.

காற்று ஓடுபாதைக்கு 30 பாகை சாய்ந்து வீசினால் அதன் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும். நேர்க்குறுக்காக வீசினால் முழு வேகமும் தள்ளும். தள்ளப்படாமல் இருக்க விமானி என்ன செய்கிறார் தெரியுமா? மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, ஓடுபாதையின் கோட்டின்மேல் பக்கவாட்டாகவே பறந்து வருகிறார். நம் கடற்கரையில் நண்டு எப்படி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடுகிறதோ, அப்படி. விமானிகளும் இந்த நடைக்கு நண்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அக்கரைச் சிக்கலாக இருந்தது நம் கரைக்கு வந்துவிட்டது.

ஆனால் நண்டு நடையிலேயே தரையைத் தொட்டுவிட முடியாது. பல டன் எடையுள்ள விமானத்தின் சக்கரங்கள் கோணலாகத் தரையில் பட்டால், சக்கரக் கால்கள்மேல் பெரும் பளு விழும்; பாதையைவிட்டு வழுக்கும் அபாயமும் உண்டு. ஆகவே தரைக்குச் சில அடிகள் மேலே இருக்கும்போது, காலால் சுக்கானை அழுத்தி மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். மூக்கு நேரானவுடன் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் அடித்துச் செல்லப் பார்க்கும். எனவே அதே கணத்தில் காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கால்களும் இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய, கண் ஓடுபாதையின் கடைசியில் நிலைத்திருக்க, இவை அனைத்தும் சில விநாடிகளுக்குள் முடிந்துவிட வேண்டும்.

இரட்டை என்ஜின் விமானங்களில் இதற்கு மேலும் ஒரு நெருக்கடி. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் என்ஜின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குகின்றன. இறக்கையை அதிகம் தாழ்த்தினால் என்ஜினோ இறக்கை நுனியோ தரையில் உரசும். 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எம்மா என்ற புயலின்போது, லுஃப்தான்சா நிறுவனத்தின் ஏ320 ஒன்றின் இடப்பக்க இறக்கை நுனி ஓடுபாதையை உரசியே விட்டது. விமானிகள் உடனே மேலே எழுந்து, காற்றுக்கு ஏற்ற வேறொரு ஓடுபாதையில் பத்திரமாக இறங்கினார்கள். அடுத்து, இரண்டு என்ஜின்களும் நடுக்கோட்டைவிட்டு விலகி இருப்பதால், ஒன்று நின்றுபோனால் விமானத்தின் மூக்கு நின்ற என்ஜினின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதைச் சரிசெய்வதும் காற்றைச் சமாளிக்கும் அதே சுக்கான்தான். ஒற்றை என்ஜினிலேயே மேலெழும்பும்படிதான் இந்த விமானங்களைக் கட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மிச்சமிருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. நம் பக்கத்துப் புதுச்சேரி நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர் அளவே உள்ளது. அங்கே வந்துபோகும் ஏடிஆர் விமானமும் இரட்டை என்ஜின்தான், விசிறி சுழலும் சிறிய வகை. குறுகிய பாதையில், தள்ளாடும் காற்றில், தாராளமாகப் பிழைசெய்ய இடமில்லை.

ஏ320 விமானம் 38 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக்காற்றுவரை இறக்கிக் காட்டப்பட்டிருக்கிறது. 'இறக்கிக் காட்டப்பட்டிருக்கிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தேர்ந்த சோதனை விமானி ஒருவர் ஒருநாள் செய்து காட்டியது அது. ஒவ்வொரு விமானியும் ஒவ்வொரு நாளும் செய்தே தீரவேண்டும் என்பது அதன் பொருள் அல்ல. ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், விட்டுவிட்டு 90. அன்று நண்பகலை ஒட்டிச் சென்னை நிலையத்தையே மூடினார்கள். மறுநாள் அதிகாலையில்தான் திறந்தார்கள். மழையும் பலத்த காற்றும் இருந்ததால் விமானிகள் இறங்காமல் மேலெழுந்தார்கள், அது பாதுகாப்பான, வழக்கமான நடைமுறைதான் என்று அந்த நிறுவனம் விளக்கம் தந்தது.

இதைத்தான் அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்: அந்த விமானி தோற்றதை நாம் காணொளியில் பார்க்கவில்லை, அம்மா. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்ததைத்தான் பார்த்தோம். பயந்திருக்கவும் கூடும், அப்படியானால் அந்தப் பயத்துக்கு விமானத்தில் இருந்த அத்தனை குடும்பங்களும் நன்றி சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எழாமல் இறங்கியவர்களின் கதையும் நம் நாட்டில் இருக்கிறது. 2010 மே 22, மங்களூர். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737, அதுவும் இரட்டை என்ஜின். மிகை உயரத்தில் வந்து, பாதையின் பெரும்பகுதியைக் கடந்தபின் தரையைத் தொட்டு, மலைமேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டார்கள். துணை விமானி மூன்று முறை மேலெழும்பச் சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்தார் என்று விசாரணை நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே வகை விமானம், கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. ஒருமுறை இறங்காமல் எழுந்து, மறுமுனையிலிருந்து மீண்டும் முயன்றார்கள். பாதையின் பாதியில்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அங்கும் துணை விமானி மேலெழும்பச் சொல்லியிருக்கிறார். இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். இவ்விரண்டிலும் குறுக்குக்காற்று காரணமல்ல. ஆனால் நான் சொல்லவரும் காரியம் காற்றைப்பற்றியது மட்டுமல்ல.

கோழிக்கோடு அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. மறுநாள் காலை இன்னொரு விமானத்தை ஓட்டும் பொறுப்பு அந்தத் தலைமை விமானிக்கு இருந்தது. வேறு ஊரில் இறங்கியிருந்தால் அது தவறிப்போயிருக்கும். அவரை நியாயந்தீர்க்க நான் யார்? கொரோனா காலத்தில் அயலகத்தில் தவித்தவர்களை வீடு சேர்க்கப் பறந்தவர் அவர். அந்தப் பணியிலேயே உயிர்விட்டவர். ஆனால் அந்தக் குறிப்பை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், அதே 2024 நவம்பர் 30 அன்று, அந்த விமானம் சென்னையில் மேலெழுந்த அதே பிற்பகலில், நான் மேலெழவில்லை.

உங்களில் சிலருக்குப் பாதி தெரியும். முழுவதும் நான் சொன்னதில்லை. சென்னையில் ஒரு கூட்டம் முடித்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். அச்சாலையில் பிற்பகலில் பேருந்துகள் ஓடாது என்று அரசு முதல்நாளே அறிவித்திருந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. நான் இல்லாவிட்டால் யார் நடத்துவது என்பது என் எண்ணம். காரை ஓட்டியவர் நம் சபையின் வாலிபர் ஒருவர். கார் அவருடையதே, கடன் வாங்கி வாங்கியது, அதுதான் அவருடைய பிழைப்பு. கடப்பாக்கம் வந்தபோது வண்டியை ஓரங்கட்டினார். "ஐயா, இங்கயே யார் வீட்லயாவது தங்கிடலாம் ஐயா. உப்பளத்துக்கிட்ட காத்து தாங்காது" என்றார். அங்கிருந்து நம் ஊருக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டோமே, தம்பி. கர்த்தர் பார்த்துக்குவார், போ" என்றேன்.

கர்த்தருடைய பெயரை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னபின் அவர் என்ன பதில் பேச முடியும்? சிறிது தூரம் சென்று, "திரும்பிடலாமா ஐயா" என்று இன்னொருமுறை மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

உப்பளப் பகுதியில் மரமில்லை, சுவரில்லை, காற்றைத் தடுக்க எதுவுமில்லை. வலப்பக்கமிருந்து வந்த ஒரு அடி வண்டியை அப்படியே இடப்பக்கம் தள்ளியது. தண்ணீர் ஓடிய சாலையில் சக்கரம் பிடிக்கவில்லை. சரிவில் இறங்கி, பாத்தி வரப்பில் மோதி நின்றோம். எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. உப்பளத் தொழிலாளிகள் சிலர் கயிறும் விளக்குமாக வந்து எங்களை ஒரு கொட்டகைக்கு அழைத்துச்சென்று, அவர்களிடம் இருந்த ஒரே உலர்ந்த போர்வையை எனக்குத் தந்தார்கள். அன்றிரவுதான் அவர்களுடைய பாத்திகளும் வரப்புகளும் வெள்ளத்தில் கரைந்துகொண்டிருந்தன. மயிலத்தில் 50 செண்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்த இரவு அது. காலையில் எப்படியோ ஆலயம் வந்து சேர்ந்தேன். முழங்கால் அளவு தண்ணீர். ஆராதனைக்கு ஒருவரும் வரவில்லை, வரவும் முடியாது. எந்த ஆராதனைக்காக ஒரு வாலிபனின் கையை முறித்தேனோ, அந்த ஆராதனை நடக்கவே இல்லை.

ஆறு வாரம் அவரால் வண்டி ஓட்ட இயலவில்லை. மருத்துவச் செலவை நான் ஏற்றேன். கடன் தவணை இரண்டுக்கு உதவினேன். ஆனால் ஊரில் பேச்சு எப்படி நடந்தது? "ஐயாவை வச்சுக்கிட்டு இந்தப் பையன் வண்டியை எறக்கிட்டான்" என்று. அதைக் கேட்டும் நான் திருத்தவில்லை. ஆபத்திலிருந்து தேவன் ஊழியக்காரனைக் காத்தார் என்ற சாட்சியாகவே அந்தச் சம்பவம் சில வீடுகளில் சொல்லப்பட்டது. அதையும் திருத்தவில்லை. இன்று திருத்துகிறேன். அவர் இரண்டு முறை சொன்னார். கேளாதவன் நான்.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை இந்த வாரம் உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள். நோன்புநாள் கழிந்துவிட்ட காலம், ஏறக்குறைய நம் ஐப்பசி. கப்பற்பயணத்துக்கு ஆகாத பருவம். கைதியாக ஏற்றப்பட்ட பவுல், இனிப் போகவேண்டாம் என்கிறார். நூற்றுக்கு அதிபதியான யூலியு நல்ல மனிதர்தான். பவுலிடம் அன்பாக நடந்துகொண்டவர். ஆனாலும் கப்பல் எஜமானும் மாலுமியும் சொன்னதைத்தான் கேட்டார். கைதியின் பேச்சை யார் கேட்பார்? நின்றிருந்த துறை மழைக்காலத்துக்கு வசதியானதல்ல. போகவேண்டிய துறையோ அதே தீவில்தான். 'இதோ இருக்கிறது, போய்விடலாம்' என்ற தூரம். தென்றலும் மெல்ல வீசி ஆசைகாட்டியது. சிறிது நேரத்தில் யூரோக்கிலிதோன் வந்தது. வடகிழக்குக் காற்று, நம் காற்றேதான். கப்பல் போயிற்று, சரக்குப் போயிற்று. 276 உயிர்களும் தப்பியது கிருபை. நாம் இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது கிருபையைப் பேசுகிறோம். கடற்பயணத்தை நிறுத்தியிருக்க வேண்டிய அந்த முதல் ஆலோசனைக் கூட்டத்தைப் பேசுவதில்லை. நானும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன்.

விமானத் துறையில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற பன்னாட்டு அமைப்பின் ஆய்வின்படி, சீராக அமையாத இறக்கங்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டில்தான் விமானிகள் மேலெழுகிறார்கள். மற்ற 97 விழுக்காட்டில் எப்படியாவது இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததே அடுத்தமுறைக்குத் துணிச்சலாகிவிடுகிறது. இதற்கு மருந்தாகப் பல நிறுவனங்கள் இரண்டு காரியங்களை விதியாக்கியிருக்கின்றன. மேலெழுந்த விமானியிடம் ஏன் எழுந்தாய் என்று குற்றம்காணும் விசாரணை கூடாது. இருவரில் எவர் மேலெழும்பச் சொன்னாலும், பதவியில் சிறியவராயினும், மற்றவர் அந்தக் கணமே கீழ்ப்படிய வேண்டும், வாதம் பிறகு.

இந்த இரண்டாவது விதி நம் வீடுகளிலும் சபையிலும் இல்லை என்பதே என் வருத்தம். நம்மிடம் மரியாதை உண்டு, அது நல்லது. ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு வாலிபன் "வேண்டாம் ஐயா" என்பதைக் கேள்விக்குறி போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மருமகள் அப்படித்தான் சொல்கிறாள். படகின் பின்னணியத்தில் இருக்கும் இளைஞன், கடல் முகம் சரியில்லை என்று கண்டும், சம்மாட்டியிடம் சுற்றிவளைத்துத்தான் சொல்கிறான். சபைக் கமிட்டியில் கட்டட வேலைக்குப் பெருங்கடன் எடுக்கும் பேச்சு வந்தபோது, கணக்குத் தெரிந்த ஒரு சகோதரி எழுப்பிய ஐயத்தை "விசுவாசம் வேண்டும்" என்ற ஒரே சொல்லால் நாங்கள் அமர்த்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. விசுவாசம் என்ற சொல்லைப் பிறர் வாயை மூடப் பயன்படுத்துவதைவிட அந்தச் சொல்லுக்குப் பெரிய அவமானம் இல்லை.

முதல் விதியும் நமக்குச் சுலபமல்ல. புயல் எச்சரிக்கையைக் கேட்டுக் கடலுக்குப் போகாமல் திரும்பியவனை, அன்று புயல் வலுவிழந்துவிட்டால், மறுநாள் கேலி செய்யாத ஊர் எது? விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்து வேறு ஊரில் இறங்கினால், ஊழியரிடம் கத்துபவர்களில் நம் ஆட்களும் உண்டு. இறங்கிய வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் "ஏன் லேட்?" என்பதுதான். நிச்சயிக்கப்பட்ட திருமணத்தைச் சரியான காரணம் தெரிந்து கடைசி வாரத்தில் நிறுத்திய பெற்றோரைப்பற்றி நாம் எத்தனை மாதம் பேசினோம் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் திரும்பிக்கொண்டே இருக்க முடியாது. எரிபொருள் தீரும், என்றாவது, எங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும். குறுக்குக்காற்றில் இறங்கவே மாட்டேன் என்கிற விமானி வேலைக்கு ஆகமாட்டார். அதனால்தான் மாற்று நிலையத்துக்குப் போகும் எரிபொருளைப் புறப்படும்போதே நிரப்பிக்கொள்கிறார்கள். கடப்பாக்கத்தில் தங்குவதற்கு எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகள் இருந்தன. ஒரு தொலைபேசி அழைப்பில் உபதேசியார் ஆராதனையை நடத்தியிருப்பார். என்னிடம் எரிபொருள் இருந்தது. இருப்பதாக நான் நினைத்துப்பார்க்கவில்லை.

வாலிபர் சங்கத்தாருக்கு ஓர் அறிவிப்பு. வருகிற சனிக்கிழமை செங்கல்பட்டுக் கூடுகைக்கு நாம் போகும் வண்டி அந்தச் சகோதரருடையதே. வங்கக் கடலில் மீண்டும் ஒரு தாழ்வு நிலை உருவாகியிருக்கிறது. புறப்படுவதா, வேண்டாமா என்பதை வெள்ளிக்கிழமை இரவு அவர் சொல்லுவார். அவர் வேண்டாம் என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.